1-0-1: மாத்திரை கவர்ல இல்லாத கட்டம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் கோடிங் இல்ல, ஏஐ இல்ல. மாத்திரை. உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேல பழைய பிஸ்கட் டப்பாவுல கிடக்குமே, அதே மாத்திரைதான். முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் கிடையாது, மருந்தாளுநரும் கிடையாது. அதனால "இதைச் சாப்பிடுங்க, அதை நிறுத்துங்க"ன்னு எதுவும் சொல்லப் போறதில்ல. டாக்டர் வாயிலேருந்து கிளம்புற ஒரு தகவல், கடைசியில ஒரு மாத்திரையா நம்ம வயித்துக்குள்ள போய்ச் சேர்ற வரைக்கும் எங்கெங்க உடையுது? அதுதான் இன்னிக்கு மேட்டர். அந்தக் கேள்வி எங்க தொழிலுக்கும் ரொம்பப் பழக்கமான கேள்வி.

மெடிக்கல் ஷாப்ல மாத்திரை போட்டுக் குடுக்குற அந்தச் சின்ன பேப்பர் கவரை எடுத்துக்கோங்க. மேல கடை பேரு. கீழ காலை, மதியம், இரவுன்னு மூணு கட்டம். சில கவர்ல சாப்பாட்டுக்கு முன், பின்னு இன்னும் ரெண்டு. கடைக்காரர் பேனாவால ரெண்டு டிக் அடிச்சுத் தருவார். டாக்டர் சீட்டுல இதே விஷயம் 1-0-1னு இருக்கும். காலையில ஒண்ணு, மதியம் கிடையாது, ராத்திரி ஒண்ணு.

நேர்மையா சொன்னா, இது செம டிசைன். இதுக்குப் பதிலா பி.டி., டி.டி.எஸ்.னு லத்தீன் சுருக்கமும் எழுதுவாங்க, அது நோயாளிக்கு எழுதினதே இல்ல. டாக்டர் மருந்தாளுநருக்கு எழுதுற கடிதம் அது. எஸ்.ஓ.எஸ்.னு சீட்டுல பார்த்தா "கப்பல் மூழ்குது"ன்னு தோணும். அங்க அதுக்கு அர்த்தம், தேவைப்பட்டா மட்டும் போட்டுக்கோங்கன்னு. அதோட ஒப்பிட்டா 1-0-1 எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

புரியும்னு நாம நினைக்கிறோம். அங்கதான் முதல் பிரச்சினை.

2006-ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு. 395 நோயாளிகள்கிட்ட மருந்து லேபிள்களைக் காட்டினாங்க. அதுல ஒரு லேபிள்: ரெண்டு மாத்திரை, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. "இதுல என்ன சொல்லியிருக்கு?"ன்னு கேட்டாங்க. படிப்புத் திறன் குறைவா இருந்தவங்கள்ல சுமார் 71 சதவீதம் பேர் சரியாச் சொல்லிட்டாங்க. அடுத்து, "சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரைன்னு எண்ணிக் காட்டுங்க"ன்னாங்க. நாலு எடுக்கணும், இல்லையா? சரியா எடுத்தவங்க சுமார் 35 சதவீதம் பேர்தான். வாயால சரியாச் சொன்னவங்கள்லயே பாதிப் பேரால கையால செஞ்சு காட்ட முடியல.

அங்க லேபிள் அவங்க பேசுற மொழியிலேயே இருந்துச்சு. நம்ம ஊர்ல அட்டையில இருக்குறது பெரும்பாலும் இங்கிலீஷ், அதுவும் எறும்பு எழுத்துல. டாக்டர் "புரிஞ்சுதாம்மா?"ன்னு கேட்பார். வெளியில இருபது பேர் உக்காந்திருக்காங்க. யாரு "புரியல"ம்பாங்க? "புரிஞ்சுது சார்"தான் வரும். நெட்வொர்க் படிச்சவங்களுக்குத் தெரியும், யூடிபின்னு ஒரு முறை இருக்கு. பாக்கெட்டை அனுப்பிட்டுப் போயிடும். போய்ச் சேர்ந்துச்சா, உடைஞ்சுதான்னு திரும்பக் கேக்காது. நம்ம மருந்துச் சீட்டு அந்த ரகம்.

இப்ப ரெண்டாவது பிரச்சினை. எனக்கு இதுதான் பெருசாப் படுது. அந்தக் கவரை மறுபடியும் பாருங்க. மூணு கட்டமும் சேர்ந்தா ஒரு நாள். அவ்ளோதான். வாரம்னு ஒரு கட்டம் அதுல இல்ல. டேட்டாபேஸ்ல ஒரு காலமே இல்லேன்னா அந்தத் தகவலை எங்க வைப்பீங்க? ஓரத்துல கிறுக்குவீங்க. வாரம் ஒரு தடவை போட வேண்டிய மருந்துக்கு அதுதான் நடக்குது. காலைக் கட்டத்துல ஒரு டிக், பக்கத்துல "வாரம் 1". இல்லேன்னா வாயால சொல்லிட்டு வெறும் டிக் மட்டும். வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா, டிக் இருக்கும், வாயால சொன்னது இருக்காது.

வாரம் ஒரு தடவை மருந்தா, அப்படியெல்லாம் யாருக்கு இருக்குன்னு கேக்குறீங்களா? நம்ம கூட்டத்துல பாதிப் பேருக்கு இருக்கு. விட்டமின் டி. காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் ஏசி ரூம், டெஸ்ட் எடுத்தா டி கம்மி, உடனே 60,000 யூனிட் மாத்திரை. வழக்கமா வாரத்துக்கு ஒண்ணு, சில வாரங்களுக்கு. "விட்டமின்தானே, சத்துதானே"ன்னு தினம் ஒண்ணு போடுறவங்க இருக்காங்க. இது பி காம்ப்ளெக்ஸ் மாதிரி மிச்சமானது சிறுநீர்ல போயிடுற சமாச்சாரம் இல்ல. கொழுப்புல கரைஞ்சு உடம்புலயே தங்கும். தினமும் அந்த அளவு மாசக்கணக்குல போனா ரத்தத்துல கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், குழப்பம், கடைசியில கிட்னி அடிவாங்கும்.

இதைவிடப் பயங்கரமான ஒண்ணு இருக்கு. மெத்தோட்ரெக்ஸேட். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் ரொம்ப நாளா பயன்படுற, நல்லா வேலை செய்யிற மருந்து. விலையும் கம்மி. இந்த நோய்களுக்கு இதைச் சின்ன அளவுல வாரத்துல ஒரே ஒரு நாள் குடுப்பாங்க. இதே மருந்தைப் பெரிய அளவுல புற்றுநோய்க்கும் குடுக்குறாங்கன்னா, இது செல்கள்கிட்ட என்ன பண்ணும்னு யோசிச்சுக்கோங்க. செல் பிரியறதுக்கு ஃபோலேட் வேணும். அந்த வழியைத்தான் இது அடைக்குது. உடம்புல வேகமா செல் பிரியற இடங்கள் வாயோட உள்தோலும் எலும்பு மஜ்ஜையும். வாரத்துக்கு ஒரு தடவைன்னா அந்த இடங்களுக்கு மீண்டு வர நேரம் கிடைக்கும். தினமும்னா கிடைக்காது. முதல்ல வாய் பூரா புண்ணு. அப்புறம் வெள்ளையணுக்கள் சரியும். சாதாரணக் காய்ச்சல் கூட ஐசியூ வரைக்கும் கொண்டு போகும். உயிரும் போயிருக்கு. நம்ம நாட்டு மருத்துவ இதழ்கள்லயே இப்படிப்பட்ட கேஸ்கள் பதிவாகியிருக்கு.

இதுல இன்னொரு கொடுமை. மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுறவங்களுக்குத் துணையா ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் எழுதுவாங்க, மத்த நாட்கள்ல போட்டுக்க. பல கம்பெனிகள்ல ரெண்டு மாத்திரையும் மஞ்சள் கலர். ரெண்டும் சின்னது. ஒண்ணு வாரத்துல ஒரு நாள், இன்னொண்ணு மத்த நாள். ரெண்டையும் ஒரே பிஸ்கட் டப்பாவுல போட்டு வெச்சுட்டு, "பாட்டி கவனமா இருக்கணும்"னு சொன்னா என்ன அர்த்தம்? எங்க டீம்ல யாராவது இப்படி ஒரு ஸ்கிரீன் டிசைன் பண்ணி, யூஸர் தப்பு பண்ணிட்டார்னு சொன்னா, ரிவ்யூலேயே கிழிச்சுடுவோம்.

சரி, தீர்வு என்ன? வெளிநாட்டு மருந்துப் பாதுகாப்பு அமைப்புகள் பல வருஷமா சொல்றது ரொம்ப எளிமையானது: கிழமையை எழுதுங்க. "வாரம் ஒரு முறை"ன்னு இல்ல, "புதன்கிழமை மட்டும்"னு. இதுலயும் ஒரு சுவாரஸ்யம் உண்டு. இங்கிலீஷ்ல திங்கட்கிழமையைத் தவிர்க்கச் சொல்றாங்க. மண்டேயைச் சுருக்கி எழுதினா மார்னிங்னு படிச்சுடுவாங்களாம். நமக்கும் திங்கள்னா மாசம்னு இன்னொரு அர்த்தம் இருக்கு, அதனால புதனே நல்லது. வீட்ல யாராவது மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டா, இன்னிக்கே போன் பண்ணிக் கேளுங்க: "எந்தக் கிழமை சாப்பிடுறீங்க?" பதில் உடனே வரணும். வாயில புண்ணு, காய்ச்சல்னு சொன்னா அடுத்த மாத்திரைக்கு முன்னாடி டாக்டரைப் பார்க்கணும். தெரியாம தினமும் போட்டிருந்தா தாமதிக்காம ஆஸ்பத்திரிக்குப் போகணும். மாற்று மருந்து இருக்கு, சீக்கிரம் குடுத்தாத்தான் பலன்.

அடுத்து பேரு. உங்களுக்குத் தெரிஞ்ச மருந்துப் பேருங்க எல்லாம் கம்பெனி வெச்ச பேரு. டோலோ, கால்பால், க்ரோசின் மூணும் பாரசிட்டமால்தான். இது உங்கள்ல பல பேருக்குத் தெரியும், கோவிட் கத்துக் குடுத்துட்டுப் போச்சு. ஆனா கணக்குப் போட்டுப் பார்த்திருக்கீங்களா?

ஒரு ஆளுக்கு வைரல் ஃபீவர். 650 மி.கி. மாத்திரை, நாலு வேளை. 2,600. மூக்கு ஒழுகுதுன்னு கடையில கேட்டு ஒரு சளி மாத்திரை வாங்குறார். பல சளி மாத்திரைகள்ல மூக்கடைப்பு மருந்து, அலர்ஜி மருந்தோட பாரசிட்டமால் 500 மி.கி. சேர்ந்தே இருக்கும். மூணு வேளை, 1,500. போன வாரம் முதுகுவலிக்குக் குடுத்த மாத்திரையும் ஓடிட்டிருக்கு. அசிக்ளோஃபெனாக்கோட பாரசிட்டமால் 325 கலந்தது, ரெண்டு வேளை, 650. மொத்தம் 4,750 மி.கி. ஆரோக்கியமான பெரியவங்களுக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4,000. உடம்பு மெலிஞ்சவங்க, ஈரல் பிரச்சினை இருக்கறவங்க, தினம் குடிக்கிறவங்களுக்கு அதைவிடக் கம்மி. இந்த ஆளு எந்த விதியையும் மீறல, பாருங்க. மூணு கவர்லயும் போட்டிருந்தபடிதான் சாப்பிட்டார்.

பாரசிட்டமால் கெட்ட மருந்துன்னு யாரும் வாட்ஸ்அப்ல கிளப்பிடாதீங்க. அளவோட எடுத்தா ரொம்பப் பாதுகாப்பான மருந்து. உள்ள நடக்குறது என்னன்னா, ஈரல் அதை உடைக்கும்போது கொஞ்சூண்டு நச்சுப்பொருள் உண்டாகும். குளூட்டதயோன்னு ஒண்ணு ஈரல்ல இருக்கு, அது அந்த நச்சைப் பிடிச்சு அடக்கிடும். அளவு தாண்டிப் போனா குளூட்டதயோன் கையிருப்பு தீர்ந்துடும், நச்சு ஈரல் செல்லையே தாக்க ஆரம்பிக்கும். மோசமான விஷயம், முதல் நாள் பெருசா எதுவும் தெரியாது. லேசா குமட்டல், அவ்வளவுதான். நல்லாத்தானே இருக்கோம்னு தோணும். அசிட்டைல்சிஸ்டீன்னு முறிவு மருந்து இருக்கு, ஒரே தடவையில அதிகமாப் போயிட்டா எட்டு மணி நேரத்துக்குள்ள குடுத்தா ரொம்ப நல்லா வேலை செய்யும். அதனால அளவு எக்கச்சக்கமாப் போயிடுச்சுன்னு தெரிஞ்சா, அறிகுறி வரட்டும்னு காத்திருக்கக் கூடாது.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் ஒரே சாவி மருந்தோட பொதுப் பெயர். டேட்டாபேஸ் பாஷையில பிரைமரி கீ. பிராண்ட் பேரு வெறும் டிஸ்ப்ளே நேம். அட்டையைத் திருப்பினா பொதுப் பெயர் கட்டாயம் இருக்கும். "பாரசிட்டமால் டேப்லெட்ஸ் ஐ.பி."ன்னு போட்டிருப்பாங்க, ஐ.பி.ன்னா இந்தியன் ஃபார்மகோப்பியா. டாக்டர்கள் பொதுப் பெயர்ல, படிக்கிற மாதிரி, முடிஞ்சா கொட்டை எழுத்துல எழுதணும்னு மருத்துவ கவுன்சிலே 2016-ல விதி போட்டுச்சு. நீங்க கடைசியா வாங்கின சீட்டை எடுத்துப் பாருங்க, நான் ஒண்ணும் சொல்லல.

குடும்பப் பேர் குழப்பமும் உண்டு. டெல்மா 40-ல டெல்மிசார்டன் மட்டும். டெல்மா ஏ.எம்.ல கூடவே அம்லோடிபின். டெல்மா ஹெச்.ல கூடவே நீர் பிரிய வைக்கிற மருந்து. வால்ல இருக்குற ஒரு எழுத்து மருந்தையே மாத்துது. போன்ல அம்மாகிட்ட "டெல்மாதானே, வாங்கிட்டு வரேன்"னு சொன்னா பத்தாது. அட்டையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

இப்ப கலருக்கு வரேன். எங்க பாட்டிக்கு மாத்திரைப் பேரு எதுவும் தெரியாது. ரோஸ் மாத்திரை பிரஷருக்கு, வெள்ளைப் பெருசு சுகருக்கு, முட்டை மாதிரி இருக்கறது நெஞ்சுக்கு. இதை நான் கிண்டலாச் சொல்லல, அது உருப்படியான ஒரு முறைதான், ஒரு நாள் கலர் மாறுற வரைக்கும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995-லேருந்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தமா டெண்டர் விட்டு பொதுப் பெயர் மருந்து வாங்கித் தருது. மத்த மாநிலங்கள் பார்த்துக் கத்துக்கிட்ட மாடல் அது. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலமா பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. எல்லாம் நல்ல விஷயம். ஆனா சப்ளை பண்ற கம்பெனி மாறினா அதே மருந்து வேற கலர்ல, வேற வடிவத்துல வரலாம். அதை யாராவது வாயத் திறந்து சொல்லணும்.

சொல்லலேன்னா ரெண்டுல ஒண்ணு நடக்கும். "இது என் மாத்திரை இல்ல"ன்னு நிறுத்திடுவாங்க. அமெரிக்காவுல மாரடைப்பு வந்தவங்களை வெச்சு 2014-ல ஒரு ஆய்வு வந்துச்சு. மாத்திரையோட கலர் மாறினப்போ மருந்தை விட்டுடுற வாய்ப்பு 34 சதவீதம் கூடுச்சு, வடிவம் மாறினப்போ 66 சதவீதம். இல்லேன்னா பழசையும் போடுவாங்க, புதுசையும் போடுவாங்க. வீட்டுக்கு வந்த அம்லோடிபின் ஒரு பக்கம், பிரைவேட் டாக்டர் எழுதின பிராண்டுக்குள்ள ஒளிஞ்சிருக்குற அம்லோடிபின் இன்னொரு பக்கம். பிரஷர் இறங்கி, ராத்திரி பாத்ரூம்ல தலை சுத்தி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சா, வயசாயிடுச்சு, கால் வழுக்கிடுச்சுன்னுதான் ஊர்ல பேசிப்பாங்க.

குழந்தை இருக்கற வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணு. பாரசிட்டமால் சிரப்புல 5 மில்லிக்கு 120 மி.கி. ஒரு வகை, 250 மி.கி. இன்னொரு வகை. கைக்குழந்தைக்கான டிராப்ஸ்லயோ ஒரே மில்லியிலேயே 100 மி.கி. சின்னக் குழந்தைக்குக் குடுக்குறதாச்சே, லேசாத்தான் இருக்கும்னு தோணும். நேர்மாறு. சிரப்புன்னு நினைச்சு டிராப்ஸை 5 மில்லி ஊத்தினா 500 மி.கி. போயிடும், அது பெரியவங்க மாத்திரை ஒண்ணு. அமெரிக்காவுல இந்தக் குழப்பத்துக்காகவே 2011-ல கம்பெனிகள் குழந்தைகளுக்கான திரவ மருந்தை ஒரே அடர்த்திக்கு மாத்துறதா அறிவிச்சாங்க. இங்க இன்னும் எல்லா வகையும் கிடைக்குது. அதனால டாக்டர்கிட்ட எத்தனை மில்லி, எந்த பாட்டில்ல, ரெண்டையும் சேர்த்துக் கேளுங்க. பாட்டிலோட வந்த மூடியில அளங்க. வீட்டு ஸ்பூன் ஒவ்வொண்ணும் ஒரு அளவு.

இன்னும் ரெண்டு, வேகமா. மாத்திரைப் பேருக்குப் பின்னாடி எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர்.னு இருந்தா, மருந்து மணிக்கணக்கா மெல்ல வெளியாகுற மாதிரி செஞ்சதுன்னு அர்த்தம். முழுங்க முடியலேன்னு பொடி பண்ணிக் குடுத்தா ஒரு நாள் மருந்து ஒரே மூச்சுல இறங்கும். கேக்காம பொடி பண்ணாதீங்க. இந்த வகையில சிலதோட கூடு மட்டும் மலத்துல வரும், அதைப் பார்த்து மாத்திரை கரையவே இல்லன்னு பயப்படவும் வேண்டாம். தைராய்டு மாத்திரை போடுறவங்களுக்கு: வெறும் வயித்துல போட்டுட்டு உடனே ஃபில்டர் காபி குடிச்சா மருந்து சரியா உள்ள போகாது. அரை மணியிலேருந்து ஒரு மணி நேரம் காபி காத்திருக்கட்டும். கொடுமைதான், தெரியும்.

இதெல்லாம் கேட்டுட்டு என்ன பண்றது? என் ஆலோசனை, அடுத்த தடவை மெடிக்கல்ல கவரை வாங்கினதும் நகராதீங்க. "அண்ணா, நான் சொல்றேன், சரியான்னு பாருங்க"ன்னு நீங்களே சொல்லிக் காட்டுங்க. எந்த மாத்திரை, எதுக்கு, எப்ப, எத்தனை நாள். கூட அப்பா அம்மா வந்தா அவங்களையே அட்டையிலேருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்க. அந்த 71-க்கும் 35-க்கும் நடுவுல இருக்கற பள்ளம் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, கவுண்டர்லேயே தெரிஞ்சுடும். கடைக்காரர் முகம் சுளிக்கலாம். 2015-ல வந்த மருந்தக நடைமுறை விதிகள்படி நோயாளிக்கு விளக்கிச் சொல்றது மருந்தாளுநரோட வேலைதான், சலுகை இல்ல. அட்டையை வெட்டித் தரும்போது பேரும் எக்ஸ்பைரி தேதியும் இருக்கற பக்கத்தை விட்டுட்டு வெட்டச் சொல்லுங்க. எக்ஸ்பைரியில மாசம் மட்டும் போட்டிருந்தா அந்த மாசக் கடைசி நாள் வரைக்கும்னு அர்த்தம். 2023 ஆகஸ்ட் 1-லேருந்து அதிகம் விக்கிற 300 பிராண்டுகள்ல க்யூஆர் கோட், இல்லேன்னா பார்கோட் கட்டாயம். ஸ்கேன் பண்ணா பொதுப் பெயர், பேட்ச் நம்பர், தேதி எல்லாம் வரும்.

அப்புறம் ஞாயித்துக்கிழமை ஒரு அரை மணி நேரம். அந்த பிஸ்கட் டப்பாவைக் கொட்டுங்க. வீட்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு தாள், தமிழ்ல, பெரிய எழுத்துல: பொதுப் பெயர், எத்தனை மி.கி., எதுக்கு, எப்ப. வார மருந்து இருந்தா கிழமை. ஒரே பொதுப் பெயர் ரெண்டு இடத்துல வந்தா நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, தாளை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க. நாட்டு மருந்து, சத்து மாத்திரை, முட்டிவலிக்குப் பக்கத்து வீட்டு அக்கா குடுத்தது, அதையும் எழுதுங்க. எந்த டாக்டர்கிட்ட போனாலும் அந்தத் தாளோட ஒரு போட்டோ உங்க போன்ல இருக்கட்டும்.

சந்தேகம்னா தமிழ்நாட்டுல 104-க்கு அடிச்சுக் கேக்கலாம். மருந்தால பக்கவிளைவுன்னு தோணுச்சுன்னா, டாக்டர்கிட்ட சொல்றதோட, 1800-180-3024-ங்கிற கட்டணமில்லா எண்ல நோயாளிகளே நேரடியாப் பதிவு பண்ணலாம். நாடு முழுக்க மருந்துப் பாதுகாப்பைக் கண்காணிக்கிற திட்டத்தோட எண் அது. அளவு அதிகமாப் போயிட்டா இதெல்லாம் இல்ல, நேரா 108. அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

அடுத்த வாரம் பழையபடி நம்ம ஏரியாவுக்கே வந்துடலாம். பாஸ்வேர்ட் மேனேஜர் பத்திப் பேசுவோம். பை.